ஒரு பிட்டுக்கும் கீழே

மூர்த்தி,

நலம், நலமறிய ஆவல், மற்றதெல்லாம் அப்புறம். எட்டு மாதமாக எழுதாததற்குத் திட்டுவதைக் கொஞ்சம் ஒத்திப்போடு, அந்தப் பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. சேகரிடம் மட்டும் சொல்லித் தொலைக்காதே, கரும்பலகை விஷயத்தையே அவன் இன்னும் விடவில்லை.

கோப்பைச் சுருக்கும்போது ஒரு குறிக்கு (எழுத்தோ, பதிவோ) ஒரு பிட்டுக்கு, அதாவது ஒரேயொரு 0 அல்லது 1-க்கு, குறைவாகச் செலவழிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது என்று மேசையைத் தட்டினேனே, அதே பந்தயம்தான். அடிக்கடி வரும் குறிக்குக் குட்டைக் குறியீடு தரும் முறையைக் கண்ட ஹஃப்மன்மீது தவறு இல்லை, நான் படித்த லட்சணத்தில். இறுதித் தேர்வு வேண்டாமென்றால் கட்டுரை எழுதலாம் என்று 1951-ல் ஆசிரியர் ஃபானோ வகுப்பில் சொல்ல, அவர் குறிகளை மேலிருந்து பிரித்துக்கொண்டு வந்ததை மாணவர் ஹஃப்மன் கீழிருந்து, மிகக் குறைவாக வரும் இரண்டிரண்டை ஒட்டி மரமாக்கிவிட்டார் என்ற கதையிலேயே சொக்கிப்போய், 'ஒவ்வொரு குறிக்கும் முழு பிட்டுகளில் குறியீடு தருவதென்றால் இதுவே சிறந்தது' என்பதில் இருந்த அந்த 'என்றால்' என் கண்ணில் படவே இல்லை.

போன மாதம் ஒரு கோப்பு மாட்டியது. ஒரு சென்சாரின் 10,000 பதிவுகள், 9,900 தடவை 'சரி', 100 தடவை 'கோளாறு'. ஹஃப்மனுக்கு இரண்டே குறி, ஒன்றுக்கு 0, மற்றதற்கு 1. ஆக பதிவுக்கு ஒரு பிட், மொத்தம் 1,250 பைட், அதற்குமேல் ஒரு பைட்கூடச் சுருங்கவில்லை. தகவலை அளக்க வழி சொன்ன ஷானனின் கணக்குப்படி அதிலுள்ள தகவலே 808 பிட், அதாவது 101 பைட்தான்! விட்டேனா? பதிவுகளை இரண்டிரண்டாகக் கட்டி மறுபடி ஹஃப்மனிடமே கொடுத்தேன், பதிவுக்குச் சராசரி 0.515 பிட். பந்தயம் அங்கேயே போயிற்று, ஆனால் ஹஃப்மனின் மானம் தப்பியது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று, நான்கு என்று கட்டக் கட்ட அட்டவணை இரட்டித்துக்கொண்டே போனதில் அந்தச் சமாதானமும் நிலைக்கவில்லை.

கடைசியில் வெட்கத்தோடு உன் வழிக்கு வந்தேன், அரித்மெடிக் கோடிங். 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு கோடு, 'சரி' வந்தால் அதில் நூற்றுக்கு 99 பங்கை வைத்துக்கொள், 'கோளாறு' வந்தால் மிச்சமுள்ள 1 பங்கை, அதற்குள் மறுபடி அதே பிரிவினை, கடைசியில் மிஞ்சும் மயிரிழை இடைவெளிக்குள் விழும் ஏதாவது ஒரு எண்தான் முழுக் கோப்பும். ஒரு 'சரி'க்கு 0.0145 பிட் செலவு. 1976-லேயே ரிஸானெனும் பாஸ்கோவும் தனித்தனியாக இதை நடைமுறைக்கு ஏற்றதாக்கியிருக்கிறார்கள், நான் இப்போதுதான் விழித்தேன்.

இரண்டு ராத்திரி தூக்கம் போனது. இடைவெளியின் கீழ்முனை இரும எண்ணில் 0111... என்றும் மேல்முனை 1000... என்றும் பாதிப்புள்ளியைக் கட்டிப்பிடித்து நின்றுவிட்டால் முதல் பிட் 0-வா 1-ஆ என்று முடிவே ஆகாது, இடைவெளியோ சுருங்கிக்கொண்டே போய்ப் பூஜ்யமாகிறது. முடிவாகாத பிட்டுகளை எண்ணி வைத்துக்கொண்டு, முதல் பிட் தெரிந்ததும் அதை எழுதி, அத்தனை எதிர் பிட்டுகளைப் பின்னால் கொட்ட வேண்டுமாம். அது சரியானதும் 102 பைட் வந்தது. குதித்தேன். விரித்தால் டீகோடர், அதாவது விரிக்கும் நிரல், 'சரி, சரி, சரி' என்று நிற்காமல் கக்குகிறது, நம் பழைய தலைமை எழுத்தர் மாதிரி. எங்கே நிறுத்துவது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை! முன்னால் 4 பைட்டில் எண்ணிக்கையை வைத்தேன், 106.

இவ்வளவு நல்ல சரக்கு ஏன் இத்தனை வருடம் ஒதுங்கிக் கிடந்தது என்று பார்த்தால், காப்புரிமை. பி-ஸிப் என்ற சுருக்கும் நிரல் இதைத்தான் பயன்படுத்தியது, அதற்கடுத்து வந்த பி-ஸிப்2 காப்புரிமைக்குப் பயந்து ஹஃப்மனுக்குத் திரும்பியது. படங்களுக்கான ஜேபெக் தரத்தில் இதற்கும் இடமிருக்கிறது, தொட்டவர்கள் குறைவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணக்குக்கு வேலி போடுவார்களா? பிறகு டூடா என்பவரின் ஏஎன்எஸ் என்ற குறியீட்டு முறை வந்து, இதே அளவு சுருக்கத்தை ஹஃப்மன் வேகத்துக்குப் பக்கத்தில் தருகிறது, இசட்-ஸ்டாண்டர்டு என்ற சுருக்கும் நிரலுக்குள் அதுவும் ஹஃப்மனும் சேர்ந்தே குடித்தனம் நடத்துகின்றன.

அன்றைக்கு நோட்டின் பின்னட்டையில் கோட்டைத் துண்டு போட்டுக் காட்டினாயே, நான் பார்க்காமலே சிரித்தேன். அது இன்னும் உன்னிடம் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன்,
ரகு