கடலின் இரு கரையிலிருந்தும் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய நாவல் புத்தகமாக அச்சாகி வந்துவிட்டது. போன வாரம் முதல் கட்டு வீட்டுக்கு வந்தது. சணல் கயிற்றை அறுத்து ஒரு பிரதியை எடுத்து, மன்னாரில் இருக்கும் என் தங்கச்சிக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். அவள் உடன் பிறந்தவள் இல்லை, உடன் எழுதியவள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவள்தான் ஆரம்பித்தாள்: "அக்கா, முதல்ல எல்லாருக்கும் நன்றி எழுதுவம்." அதனால் இதை எழுதுவது நான், சொல்வது இருவரும்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. அதுவரை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. என் அப்பத்தா தனுஷ்கோடியில் பெட்டிக்கடை வைத்திருந்தார். மகளின் பிரசவத்துக்காக இராமநாதபுரம் வந்திருந்ததால் பிழைத்தார். தங்கச்சியின் அம்மப்பா தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டை தூக்கியவர். இந்தக் கரையில் இவரும் அந்தக் கரையில் அவரும் ஒரே கப்பலுக்காகக் காத்திருந்தவர்கள். அதுதான் எங்களைச் சேர்த்தது. 2019இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஒரு சிற்றிதழில் தொடராக எழுதினோம். ஒற்றைப்படை அத்தியாயம் என்னுடையது, இரட்டைப்படை அவளுடையது. மொத்தம் 54. புத்தகத்தில் இருப்பது 37. இந்த 54 எப்படி 37 ஆனது என்று சொன்னாலே யாருக்கு எதற்கு நன்றி என்பது புரிந்துவிடும்.

முதல் நன்றி எங்கள் தொகுப்பாசிரியருக்கு. கையெழுத்துப் பிரதியை வாங்கிய ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டார். "ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் யாராவது கதவைத் தட்டுறாங்க. தந்தி வருது. விளக்கு அணையுது. அடுத்த இதழ் வர்ற வரைக்கும் வாசகரைப் பிடிச்சு வைக்க அது வேணும். புத்தகத்துல அடுத்த பக்கம் கையிலதானே இருக்கு?" என்றார். அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். 54 முடிவுகளில் 31இல் இப்படி ஒரு தட்டல் இருந்தது. ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்க, அடுத்த அத்தியாயத் தொடக்கத்தில் முன்கதை சொல்லும் பத்தியும் தேவையில்லாமல் போனது. அந்த ஒரு வேலையிலேயே ஆறு அத்தியாயங்கள் கரைந்து மற்றவற்றோடு சேர்ந்துவிட்டன.

அவரே இன்னொன்றையும் செய்யாமல் விட்டார். அதற்கு இன்னும் பெரிய நன்றி. என் பக்கங்களில் அப்பத்தா, வத்தை (சிறு படகு), "வர்றாக, போறாக". அவள் பக்கங்களில் அம்மம்மா, வள்ளம், கதைக்கிறது, "ஓம்". முழுவதையும் ஒரே நடைக்குக் கொண்டுவரச் சொல்வார் என்று பயந்திருந்தோம். வேறு ஒரு இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள், நாங்கள் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். இவரோ, கப்பல் கரை மாறும்போது மொழியும் மாறட்டும், ஆனால் ஒரே ஆள் இரண்டு விதமாகப் பேசக்கூடாது என்றார். அதற்காக ஒரு நோட்டுப் போட்டோம். யார் எந்த ஊர், யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவார், எந்தச் சொல் அவர் வாயில் வராது என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம். சுங்கச்சாவடி குமாஸ்தா என் அத்தியாயங்களில் இடது காலையும், அவள் அத்தியாயங்களில் வலது காலையும் இழுத்து நடந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அந்த நோட்டுதான்.

அடுத்து ரயில்வேயில் ஓய்வு பெற்ற, மண்டபம் ஊர்க்காரரான மண்டபம் ஐயா. இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தொடரில் 43ஆம் அத்தியாயம் எல்லோருக்கும் பிடித்த அத்தியாயம். புயலில் கணவனைப் பறிகொடுத்த நாயகி, 1965 பொங்கலன்று கைக்குழந்தையோடு ராமேஸ்வரத்தில் ரயிலேறிப் பாம்பன் பாலம் வழியாக மதுரைக்குப் போகிறாள். ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதைப் படித்துவிட்டு அழுததாகப் பலர் எழுதினார்கள். மண்டபம் ஐயா மட்டும் நாலு வரியில் ஒரு கடிதம் போட்டார். "அம்மா, அன்றைக்குப் பாலம் கிடையாது. 145 கண்ணில் 126 கண்ணின் கர்டர் கடலுக்குள் கிடந்தது. கப்பலுக்குத் திறந்து வழிவிடும் நடுப்பகுதிதான் தப்பியது. நீங்கள் ஏற்றிய ரயில் எப்படிப் போனது?"

(கண் என்பது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி, கர்டர் அதன் மேல் கிடக்கும் இரும்பு உத்திரம்.) படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. நேரில் போய்ப் பார்த்தேன். அவர் அப்பா அந்தப் பாலத்தை மீட்ட வேலையில் கூலியாக இருந்தவர். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று ரயில்வே இலக்கு வைத்த வேலையை, அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் முடித்தார்கள். பிறகு கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன்தான். விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்தே தூக்கி எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள் என்று ஐயா கையால் தூக்கிக் காட்டியபடியே விவரித்தார். பொங்கல் அன்றைக்கு அந்த வேலை முடிந்திருக்க வழியே இல்லை. சரி, சாலை வழியாகப் போகட்டும் என்றால் சாலைப் பாலம் வந்ததே 1988இல். அப்படியென்றால் அவள் எப்படித்தான் அக்கரை போனாள்?

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் ஊர்ப் பாட்டி. ஐயாதான் என்னை அவரிடம் கூட்டிப்போனார். "வத்தையிலதான் போனோம், வேறெதுல?" என்றார் பாட்டி. "பாலத்துத் தூணுக்குப் பக்கத்துலயே போகும். கரண்டைக் கால் வரைக்கும் தண்ணி. ஒருத்தரும் பேசலை. பிள்ளை அழுதா அதை மட்டும் எல்லாரும் பார்ப்பாக." பொங்கலைப் பற்றிக் கேட்டேன். பாட்டி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த வருசம் யாரு தாயி பொங்கல் வச்சா?" என்றார்.

வீட்டுக்கு வந்து 43ஆம் அத்தியாயத்தை முழுவதும் அழித்தேன். ரயில் இல்லை, ஜன்னல் இல்லை, பொங்கல் இல்லை. தை மாதத்து வாடைக் காற்றில் ஒரு வத்தை, அதில் பதினோரு பேர். இப்போது அது புத்தகத்தில் 31ஆம் அத்தியாயம். நாவலில் எங்கள் இருவர் மனதுக்கும் நெருக்கமானது அதுதான். அது பாட்டி கொடுத்தது, ஐயா திறந்துவிட்டது. நான் எழுதினேன், அவ்வளவுதான்.

மன்னாரில் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் (அங்கே ஆசிரியரைச் "சேர்" என்பார்கள்) தங்கச்சியின் பக்கங்களை இதே அக்கறையோடு பார்த்தார். அவளுடைய 12ஆம் அத்தியாயத்தில் ஒரு மலையகக் குடும்பம், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி (மலையகத் தமிழரில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகளும் செய்துகொண்டது) அனுப்பப்பட்டு 1964 டிசம்பரில் கப்பலேறும். ஒப்பந்தம் கையெழுத்தானது அந்த வருடம் அக்டோபர் 30. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் இலங்கையில் 1967இல்தான் வந்தது என்று சேர் சுட்டிக்காட்டினார். இப்போது அந்தக் குடும்பம் ஒப்பந்தச் செய்தி கேட்டுப் பயந்துபோய், யாரும் அனுப்பாமலே தாங்களாகவே கிளம்புகிறது. அந்தப் பயம் முன்பு கதையில் இல்லை. சேருக்கு எங்கள் இருவரின் வணக்கம்.

என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் கணக்கு டீச்சருக்கு நன்றி. புயல் இரவை நான் "அமாவாசை இருட்டு" என்று எழுதியிருந்தேன். அவர் பழைய பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்து, பௌர்ணமி முடிந்து நாலு நாள்கூட ஆகவில்லை என்று காட்டினார். இருட்டு மேகத்தால் வந்தது. மேலே நிலா இருந்தும் கீழே யாருக்கும் அது தெரியவில்லை. அமாவாசையை எடுத்துவிட்டு, அந்த நிலா வரியை அப்படியே வைத்துக்கொண்டோம். நாயகிக்கு வரும் அரசுக் கடிதத்தில் "தமிழ்நாடு அரசு" என்று போட்டிருந்ததைச் "சென்னை மாநிலம்" என்று திருத்தியதும் அவரே. பெயர் மாறியது 1969இல்தான் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் கை எழுதிவிட்டது.

ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுக்க மனமே வரவில்லை. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அந்தப் புயலின்போது ராமேஸ்வரத்தில் சிக்கிக்கொண்டது எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் செய்தி. அதை வைத்து ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தேன். தங்கச்சி அதைப் படித்துவிட்டு, "அக்கா, அவையள் வந்தா எல்லாரும் அவையளைத்தான் பாப்பினம். ரயிலோட போன சனத்தை ஆர் பாக்கிறது?" என்று கேட்டாள். பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். தனுஷ்கோடி நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ரயில் அப்படியே கடலுக்குள் போனது. அவள் கேட்டது நியாயம். எடுத்துவிட்டேன். இந்த மடலில் அவளுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டிய நன்றி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

மெய்ப்புப் பார்த்த தம்பி பட்ட பாடு தனி. தங்கச்சி தன் பக்கங்களைப் பாமினி என்ற பழைய முறை எழுத்துருவில் தட்டியிருந்தாள், நான் யூனிகோடில். மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறி, நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுத்து உடைந்து கிடந்தது. அவர் அச்சுப் படியை மூன்று முறை வரிவரியாகப் படித்தார். மூன்றாவது முறை அவர் வீட்டில் ஒரு துக்கம். அதைச் சொல்லாமலே முடித்துக் கொடுத்தார், எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

தொடர் வந்த நாளில் கடிதம் எழுதிய வாசகர்கள், அட்டைக்காகத் தன் பழைய போட் மெயில் பயணச்சீட்டைக் கொடுத்து உதவிய தேவிபட்டினம் அண்ணன், அட்டை வரைந்தவர், அச்சகத்தார், எங்கள் இரண்டு வீட்டுப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. பிரதிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறோம். மன்னாருக்குப் போகும் கட்டு விமானத்தில்தான் போகிறது. 1984 வரை ராமேஸ்வரத்திலிருந்தே கப்பல் இருந்தது. அது இன்றும் ஓடியிருந்தால் நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.

தங்கச்சிமடத்துப் பாட்டிக்கு மட்டும் தபாலில் அனுப்பவில்லை. பாட்டி, கண் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். 31ஆம் அத்தியாயத்தை நானே வாசித்துக் காட்டுகிறேன். வத்தையில் உட்கார்ந்தவர்களின் வரிசை தவறாக இருந்தால் சொல்லுங்கள், அடுத்த பதிப்பில் மாற்றிவிடலாம்.