கூடுதல் விலை மட்டும் ஏன் போதவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"உழவர்களிடம் நேரடியாக வாங்குகிறீர்கள், சந்தையைவிடக் கூடுதல் விலையும் கொடுக்கிறீர்கள். அவர்கள் இப்போது வசதியாக இருக்கிறார்களா?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். முன்னைக்குக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அதற்கான காரணத்தைச் சொன்னால்தான், வரும் பருவத்திலிருந்து நாங்கள் செய்யவிருக்கும் மாற்றமும் விளங்கும்.

வேளாண் குடும்பங்களின் நிலை குறித்து ஒன்றிய அரசின் புள்ளியியல் துறை 2019இல் நாடெங்கும் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தியது. 2018-19 வேளாண் ஆண்டில் இந்தியாவில் ஒரு வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமும் 4,063 ரூபாய். பயிர் தந்தது 3,798 ரூபாய்தான். கால்நடையில் 1,582. மிச்சம் சிறுதொழிலும் குத்தகையும். வயலை நம்பி வாழ்பவர்கள் என்று நாம் நினைக்கும் வீட்டில் அடுப்பு எரிய, யாராவது ஒருவர் வெளியே வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. நாங்கள் கூட்டிக் கொடுக்கும் விலை பயிர் வருமானத்தை மட்டுமே தொடுகிறது. அதிலும் எங்களிடம் விற்கும் பங்குக்கு மட்டுமே.

அந்த 10,218 ரூபாயும்கூடக் கையைவிட்டுப் போன செலவை மட்டும் கழித்த கணக்கு. வீட்டார் தாங்களே செய்த வேலைக்கும், தங்கள் வயலிலிருந்து எடுத்துப் போட்ட தீவனம், விதை போன்றவற்றுக்கும் மதிப்புப் போட்டுக் கழித்தால் அது 8,337 ரூபாயாகிவிடுகிறது. கால்நடைக் கணக்கில்தான் இந்தச் சரிவு மிகப் பெரிது: 1,582 ரூபாய் வெறும் 441 ஆகிறது. விடியுமுன் எழுந்து பால் கறப்பதும் சாணம் அள்ளுவதும் பல வீடுகளில் பெண்களின் வேலை. அவர்கள் உழைப்பைக் கணக்கில் சேர்க்காதவரைதான் மாடு லாபம் தருகிறது. லாபம் பேசும் பலரும் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மாதச் சராசரி என்பதும் ஏட்டில்தான். பயிர்ப் பணம் அறுவடையில் மொத்தமாக வரும். உழவு, விதை, உரம், ஆள்கூலி எல்லாம் அதற்குப் பல மாதம் முன்பே கேட்கும். இடையில் பள்ளிக் கட்டணமும் மருத்துவமனையும் பருவம் பார்த்து வருவதில்லை. அதே கணக்கெடுப்பின்படி 50.2 விழுக்காடு குடும்பங்கள் கடனில் இருந்தன; குடும்பத்துக்குச் சராசரி நிலுவை 74,121 ரூபாய். அந்தக் கடனில் 57.5 விழுக்காடுதான் வேளாண் தேவைக்கு வாங்கியது. மொத்த நிலுவையில் ஐந்தில் ஒரு பங்கு வட்டிக்கடைக்காரர்களிடம். கடன் கொடுத்தவரே வியாபாரியாகவும் இருந்துவிட்டால் விளைச்சல் அவர் சொன்ன விலைக்குத்தான் போகும். அப்படி இல்லாவிட்டாலும், தவணை நெருக்கும்போது வரத்து மிகுந்து விலை விழுந்திருக்கும் நேரத்திலேயே விற்றாக வேண்டும். அறுவடைக்குப் பிறகு நாங்கள் நல்ல விலையோடு போய் நின்றால், விற்க அவர்களிடம் சரக்கு இருப்பதில்லை.

ஆகவே வரும் பருவம் முதல், ஒப்புக்கொண்ட விலையில் ஒரு பகுதியை விதைப்பின்போதே வட்டியில்லா முன்பணமாகக் கொடுக்கிறோம். மீதி, சரக்கு வந்த ஒரு வாரத்துக்குள். மழை பொய்த்து விளைச்சல் குறைந்தால் முன்பணத்தை ஈடுகட்டுவது அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும். அந்த இழப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இதற்குக் கையில் பணம் வேண்டும். வங்கியில் வாங்கினால் அந்த வட்டி உங்கள் ரசீதில்தான் ஏறும். அதனால் பருவத் தேவையை முன்பதிவு செய்து, பாதித் தொகையை முன்னதாகச் செலுத்தும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். பதிவு செய்தவர்களுக்கு ஆண்டு முழுவதும் அதே விலை. விளைச்சல் குறைந்து சரக்கு கொடுக்க முடியாமல் போனால் பணத்தைத் திருப்பிவிடுவோம். முன்பதிவில் விருப்பமில்லாதவர்கள் வழக்கம்போல் அன்றைய விலைக்கு வாங்கலாம், குறையில்லை.

பையின் மேல் "உழவர் வாழ்வு மலர்கிறது" என்று அச்சிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டோம். வெளியே வேலைக்குப் போகும் அந்த ஒருவரின் சம்பளத்தையும் அந்தக் குடும்பத்தின் பழைய கடனையும் எங்கள் முன்பணம் மாற்றிவிடாது. விதைப்பு நேரத்து வட்டி ஒன்றை மட்டும் குறைக்கும்.

முன்பதிவுப் படிவம் கடையில் கிடைக்கும். விதைப்பு தொடங்குமுன் நிரப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்