ரொட்டியும் பூண்டும் கொத்தமல்லியும்

எவோரா, போர்ச்சுகல்,
நவம்பர் முதல் வாரம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். அடுப்பங்கரைப் பக்கம் கொஞ்ச நாள் போகவே கூடாது என்று நான் சொன்னதாகவும் சொல். அண்ணன் வீடு கட்டி முடித்துவிட்டானா? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. ஆலிவ் பறிப்பும் தொடங்கியாயிற்று. புது எண்ணெய் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ரொட்டியைச் சுட்டு, பூண்டைத் தேய்த்து, எண்ணெயை ஊற்றிச் சாப்பிடுவோம். புது எண்ணெய் தொண்டையில் மிளகு மாதிரி காரும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். பதினொன்றாம் தேதி புனித மார்ட்டின் திருநாள். தெருவெல்லாம் செஸ்ட்நட் சுடும் வாசம் வரும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "அந்த முட்டை டார்ட்டையும் சுட்ட கோழியையும் தவிர உங்க ஊர் வீடுகளில் என்னதான் சமைக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். அந்த டார்ட்டை இங்கே வீட்டில் அநேகமாக யாருமே செய்வதில்லை. காப்பிக் கடையில் நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். அது மடங்களில் பிறந்த பலகாரம். 1834-ல் அரசாங்கம் துறவு மடங்களைக் கலைத்தது. லிஸ்பனில் ஜெரோனிமோஸ் மடத்துப் பக்குவம் அப்படித்தான் வெளியே வந்தது. 1837 முதல் அதை பெலெம் பகுதியில் ஒரு கடையில் விற்று வருகிறார்கள். மடத்துப் பலகாரங்கள் பெரும்பாலும் மஞ்சள்கருவும் சர்க்கரையும்தான். நம்மூர் மக்ரூனில் வெள்ளைக்கரு மட்டும் சேரும், இல்லையா? அதில் போடும் முந்திரியைப் பிரேசிலிலிருந்து நம் பக்கம் கொண்டுவந்தவர்கள் இந்தப் போர்ச்சுகீசியர்கள்தான். ஊர் நினைப்பு வரும்போதெல்லாம் இதைப் பற்றி யோசிப்பேன்.

வீட்டுச் சாப்பாடு என்றால் இந்த அலென்டேஜு பக்கத்தில் முதலில் ரொட்டிதான். பெரிய உருண்டை ரொட்டி, மேல் ஓடு கெட்டியாக, உள்ளே லேசான புளிப்போடு இருக்கும். ஒரு வாரம் வரை தாங்கும். அத்தை, அதாவது என் மாமியார், மாவு பிசைந்து முடித்ததும் கைவிளிம்பால் அதன்மேல் சிலுவை போட்டுவிட்டுத்தான் துணியால் மூடுவார். ரொட்டித் துண்டு கை தவறிக் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவார். காய்ந்து போனாலும் எறிய மாட்டார். அந்தக் காய்ந்த ரொட்டியில் செய்வதுதான் அசோர்டா. இந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

செய்முறையை எழுதுகிறேன். நான்கு பேருக்கு நான்கு பல் பூண்டு, ஒரு கட்டு கொத்தமல்லித்தழை, ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு. மூன்றையும் சின்ன உரலில் போட்டு விழுதாக இடிக்க வேண்டும். மிக்ஸி கூடாது, தழை நசுங்கினால்தான் வாசம் வரும், அரைபட்டால் கசந்துபோகும் என்பார் அத்தை. விழுதை ஒரு பெரிய மண் கிண்ணத்தில் வழித்துப் போட்டு, அதன்மேல் நான்கு கரண்டி ஆலிவ் எண்ணெய். இன்னொரு பக்கம் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் முட்டைகளை உடைத்து ஊற்றி, மஞ்சள்கரு இளகலாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அந்தக் கொதிநீரைக் கிண்ணத்தில் ஊற்றியதும் எழும் வாசனை இருக்கிறதே, அந்த நேரத்தில் இது எந்த ஊர் அடுப்பங்கரை என்றே எனக்குத் தெரியாது. பிறகு காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே முட்டையை வைத்து உடனே சாப்பிட வேண்டும். ரொட்டி ஊறியிருக்க வேண்டும், கரைந்துவிடக் கூடாது. லிஸ்பன் பக்கம் இதே பெயரில் இறால் எல்லாம் போட்டுக் கூழாகக் கிண்டி, பெரிய விலைக்குத் தருகிறார்கள். அது வேறு பண்டம். எனக்கு அதில் விருப்பமில்லை.

தண்ணீர், ரொட்டி, பூண்டு, தழை. ஏழை வீட்டுச் சாப்பாடு என்று பார்த்ததுமே தெரிகிறது, இல்லையா? இந்தப் பகுதி நிலமெல்லாம் சில பெரிய பண்ணைக்காரர்கள் கையில் இருந்தது. 1929-ல் சர்வாதிகார அரசு கோதுமை இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கி, கிடைத்த நிலத்தில் எல்லாம் கோதுமை போடச் சொன்னது. அறுப்புக் காலத்தில்தான் கூலி, மற்ற மாதங்களில் வேலையில்லை. விளைவித்தவர்கள் வீட்டிலேயே ரொட்டிக்குத் தட்டுப்பாடு. அத்தையின் அம்மா அப்படிக் கூலிக்குப் போனவர். அடுப்பில் வைக்க வேறொன்றும் இல்லாத நாளில் முட்டைகூட இல்லாத அசோர்டாதான் இரண்டு வேளையும். இதை அத்தை வருத்தமாகச் சொல்வதில்லை. கொத்தமல்லி மட்டும் எப்போதும் கொல்லையில் இருந்தது என்று பெருமையாகத்தான் சொல்வார்.

மாமனார் இதற்கு நேர் எதிர்த் திசை, வடக்கே மீன்யு பகுதிக்காரர். அவர் இருந்தவரை வாரத்தில் ஒருநாளாவது கால்டோ வெர்டே வேண்டும். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு மூன்றையும் வேகவைத்துக் கடைந்த சூப். அதில் ஒருவகைக் கரும்பச்சைக் கோஸ் இலையை நரம்பு நீக்கி, சுருட்டி, மயிரிழை போல நறுக்கிப் போடுவார்கள். இலை விழுந்த பிறகு சில நிமிடம்தான் கொதிக்கலாம், பச்சை நிறம் மாறக் கூடாது. கிண்ணத்துக்கு ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி. கடித்துக்கொள்ள மக்காச்சோள ரொட்டி. அத்தைக்கு அந்தச் சோள ரொட்டி பிடிக்காது. ஆனால் மாமனார் போன பிறகும் அவர் நினைவு நாளில் தேடிப்போய் வாங்கி வருகிறார்.

அப்புறம் பக்கல்யாவ். நீ படத்தில் பார்த்து "இது நம்ம கருவாடுதானே" என்று எழுதியிருந்தாய். ஆமாம், உப்புக்கண்டம் போட்டுக் காயவைத்த காட் மீன். ஆனால் அந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடையாது! இப்போது பெரும்பகுதி நார்வேயிலிருந்து வருகிறது. முன்பு இங்கிருந்தே கப்பல்கள் நியூஃபவுண்ட்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் போகும். வசந்தத்தில் போனால் இலையுதிர் காலத்தில்தான் திரும்பி வரும். பெரிய கப்பலிலிருந்து சிறு மரப்படகுகளை இறக்கி, படகுக்கு ஒரே ஓர் ஆளாகப் பனிமூட்டத்துக்குள் தூண்டில் போடப் போவார்கள். இந்த வகை மீன்பிடிப்பு 1974 வரை நடந்தது. இல்யாவு ஊரில் இதற்கென்றே கடல் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அந்த ஒற்றையாள் படகைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நம் கடற்கரையில் வளர்ந்தவளுக்கு அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர முடியாது. உன் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஊறவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தடித்த துண்டாக இருந்தால் இரண்டு நாள், குளிர்ந்த தண்ணீரில், தண்ணீரை மாற்றி மாற்றி. தோல் மேலே பார்க்க வைக்க வேண்டும்; அப்போதுதான் உப்பு கீழே இறங்கும். டிசம்பர் 24 ராத்திரி இதை உருளைக்கிழங்கு, கோஸ், முட்டையோடு சும்மா வேகவைத்து, பச்சைப் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிச் சாப்பிடுவோம். பண்டிகைக்கு வேகவைத்த மீனா என்று முதல் வருஷம் திகைத்துப் போனேன். இப்போது அந்த ராத்திரிக்கு வேறொன்றை என்னால் நினைக்கக்கூட முடியவில்லை. மிச்சத்தை மறுநாள் பூண்டோடு எண்ணெயில் பிரட்டி எடுப்பார் அத்தை. அது முந்தின நாளைவிட ருசி. மீனைக் கிரீம் ஊற்றி அடுப்பில் வைத்து எடுக்கும் வகை ஒன்றும் இருக்கிறது. குழந்தைகள் கேட்பதால் செய்கிறேன்.

இப்போது நீ எழுதிவரும் சமையல் நோட்டு விஷயம். இதுவரை எழுதியது அதிரசம், முந்திரிக்கொத்து, கிறிஸ்துமஸ் கேக், கல்யாண பிரியாணி என்று பட்டியல் போட்டிருந்தாய். அத்தையின் அம்மா வைத்திருந்த நோட்டு எங்களிடம் இருக்கிறது. பிற்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு எழுதி வாங்கியது. அதைப் புரட்டினால் இதே கதைதான். பால்சோறு, ஈஸ்டர் ரொட்டி, சீமைமாதுளை அல்வா, முட்டைப் பலகாரம். சர்க்கரை இத்தனை கிராம், முட்டை இத்தனை என்று அளவோடு இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை செய்வது மறந்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். தினமும் செய்த அசோர்டாவும் கொண்டைக்கடலைக் குழம்பும் அதில் ஒரு வரி இல்லை. யாருக்குத்தான் தெரியாது என்று விட்டிருப்பார்கள். அத்தை மட்டும் அதைக் கையோடு கற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்த வீட்டில் அது போயே போயிருக்கும்.

இந்த நாட்டுக்கு அந்தக் குறையை ஓரளவு தீர்த்தவர் மரியா டி லூர்டெஸ் மொடெஸ்டோ. இதே அலென்டேஜுவில் பெஜா ஊரில் பிறந்தவர், பள்ளி ஆசிரியை. 1958-ல் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி தொடங்கினார். பார்த்த பெண்கள் தங்கள் வட்டாரச் சமையற்குறிப்புகளை எழுதி அனுப்பினார்கள். அவற்றையெல்லாம் வருஷக்கணக்கில் சரிபார்த்து, வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து 1982-ல் ஒரு பெரிய நூலாகக் கொண்டுவந்தார். மடத்துப் பலகாரத்துக்குக் கொடுத்த மரியாதையை அசோர்டாவுக்கும் கொடுத்தார். 2022-ல் அவர் இறந்த செய்தி வந்த அன்று அத்தை டிவி முன்னால் உட்கார்ந்து அழுதார். எங்கள் வீட்டு நூல் எண்ணெய்க் கறையோடு, அட்டை பிரிந்து கிடக்கிறது. அத்தை அதன் ஓரங்களில் பென்சிலால் "எங்க வீட்டில் இப்படி இல்லை" என்று எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அச்சிட்டதைவிட அந்த ஓரக் குறிப்புகள்தான் முக்கியம்.

அதனால் நீ பலகாரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அம்மா தினமும் வைத்ததை எழுது. புளிக்குழம்பு, அவசரத்துக்கு வைக்கும் ரசம், மழைநாளில் மீன் வராதபோது என்ன செய்தார்கள் என்பது. அளவு சொல்ல வரவில்லை என்றால் அம்மாவின் கைப்பிடியை எடைபோட்டுப் பார். எந்தச் சட்டி, எவ்வளவு நேரம், எப்போது மூடியைத் திறந்தார்கள் என்பதையும் எழுது.

முதலில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை அனுப்பு. கருவாட்டை நாம் இரண்டு நாள் ஊறவைப்பதில்லை, வெந்நீரில் அலசி அப்படியே குழம்பில் போடுவோம் என்று சொன்னதிலிருந்து அத்தைக்கு நம்பிக்கையே வரவில்லை. செய்து காட்டு என்கிறார். லிஸ்பன் கடையில் கருவாடு கிடைக்கிறது. புளியும் வைத்திருக்கிறேன். அம்மா கடைசியில் எண்ணெயில் என்ன வதக்கிக் கொட்டுவார்கள் என்பதுதான் எனக்கு நினைவில்லை. அதைக் கேட்டு மறக்காமல் எழுது.

உன் அன்புத் தோழி