தம்பிக்கு: நீ ரயிலில் அழுதது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

போன வெள்ளிக்கிழமை ராத்திரி போன் செய்து, "ஆச்சி, ரயிலில் நின்றபடியே அழுதுவிட்டேன், எல்லாரும் பார்த்தார்கள்" என்றாய். உன் குரலில் அழுகையைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. வேலை முடிந்து திரும்பும்போது காதில் மாட்டிக் கேட்ட ஒரு நாதஸ்வரம், அவ்வளவுதான். "அது சோகப் பாட்டு மாதிரிகூடத் தெரியவில்லை, எனக்கு ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. சாப்பிட்டுத் தூங்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நாலு நாளாக வேறு நினைப்பே இல்லை. உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். நம்மைப் பெற்ற ஆத்தா போனபோது உன்னைப் பற்றிப் பேசியவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அன்று நீ விடிகாலையில் வந்து இறங்கினாய். வந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தாய். பந்தலுக்கு ஆள், வருகிறவர்களுக்குக் காப்பி, பங்காளிகளுக்குத் தகவல், வண்டிக்குச் சொல்வது என்று எல்லாம் உன் தலையில். வீட்டின் உள்முற்றமான வளவில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நீ தூணுக்குப் பக்கத்தில் போனும் கையுமாக நின்றாய். உன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் சாயங்காலம் முகப்பில் திருவாசகம் படித்தபோதும் இல்லை. சொந்தத்தில் ஒருவர் என் காதுபட, "திருவாசகத்துக்கு உருகார் ஒரு வாசகத்துக்கும் உருகார்" என்றார். மாணிக்கவாசகரை ஆட்கொண்ட திருப்பெருந்துறை நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? காலையில் புறப்பட்டால் கும்பிட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அந்தப் பழமொழியைக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். ஆனால் அது பாட்டின் பெருமையைச் சொல்வதற்கு வந்தது. பெற்றவளைப் பறிகொடுத்து நிற்கிறவனைக் குத்துவதற்கு வந்ததில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒப்பாரியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அன்று முன்பாட்டுப் பாடியது நம் வீட்டில் வேலை பார்த்த அம்மாதான். ஆத்தா கொடுத்த சேலையைச் சொன்னார், பிரசவத்துக்குக் கொடுத்துவிட்ட கஞ்சியைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில், அறுவடை நேரத்தில் செத்துப்போன தன் மகனையும் அந்தப் பாட்டுக்குள் இழுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவள் தன் புருஷனைச் சேர்த்தாள். நான் நம்மைப் பெற்ற அப்பச்சியைச் சேர்த்தேன். ஒரு எழவில் பாடுகிற பாட்டில் அத்தனை வீட்டு எழவும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரும் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. பெண்களுக்கு அப்படி ஒரு இடம் இருக்கிறது தம்பி. தூணோரம் நிற்கிற ஆண்பிள்ளைக்கு அது இல்லை. உன் அழுகைக்கு இங்கே பாய் விரிக்க யாருக்கும் தோன்றவில்லை. அது மூன்று மாதம் காத்திருந்து, ரயிலில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

அழுகை எதனால் வருகிறது என்று தொல்காப்பியர் நான்கு சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவுதான் நம் வாயில் எழவு ஆகிவிட்டது. இளிவு என்றால் பிறர் நம்மை இகழ்வது. நமக்கு அதிகம் பொருந்துவது அசைவு என்று எனக்குத் தோன்றும். இருந்த நிலை கெட்டு வேறு நிலைக்கு வந்து வருந்துவது அது. நம் தெருவில் வரிசையாகப் பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வரும். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, மேலே வௌவால். ஆத்தா இருந்தவரை நீ நம் வீட்டுக்கு வந்தாய். இனி வந்தால் சாவி வாங்கித் திறக்க வேண்டும். அதுவும் அசைவுதான்.

சரி, அந்த நாதஸ்வரத்துக்கு வருகிறேன். நீ அனுப்பியதை நம் ஊர்ச் சிவன் கோயில் நாயனக்காரரிடம் போட்டுக் காட்டினேன். சாயரட்சை முடிந்து, நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்து விநாடிகூட ஆகவில்லை, "முகாரிங்க ஆச்சி" என்றார். எனக்குத் திக்கென்றது. நம் ஊரில் புலம்புகிறவனைப் பார்த்து "முகாரி பாடாதே" என்றுதானே சொல்வோம். அப்போ சோகப் பாட்டுதானே என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அது தியாகராஜர் கீர்த்தனை. சபரியின் பாக்கியத்தை என்னவென்று வர்ணிப்பேன் என்று வியந்து பாடுவது என்றார். ராமனைக் கண்ணாரக் கண்டாள், ருசியான பழங்களைக் கொடுத்தாள், மெய் சிலிர்த்து அவன் பாதத்தில் விழுந்தாள், இனிப் பிறவி இல்லாத வீட்டை அடைந்தாள். இவ்வளவுதான் அந்தப் பாட்டு. அதில் துக்கம் என்று எதுவுமே கிடையாது. காலமெல்லாம் காத்திருந்த ஒரு கிழவி, வந்தவனுக்குச் சாப்பிடக் கொடுக்கிறாள்.

நான் கோயில் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தெலுங்கு தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நாயனத்தில் சொல் இல்லை. பிறகு எது உனக்குச் சொன்னது? அவர் வாயாலேயே பாடிக் காட்டினார். முகாரியில் தைவதம், அதாவது 'த' என்கிற ஸ்வரம், இரண்டு உண்டாம். மேலே போகும்போது பெரிய தைவதம், கீழே இறங்கும்போது சின்னத் தைவதம். போன வழியே திரும்பி வராது. இறங்குகிற இடத்தில் ஸ்வரம் நாம் நினைப்பதைவிட ஒரு இழை தாழ்ந்து நிற்கும். "அந்த இடத்துலதான் ஆச்சி நெஞ்சு இறங்கும்" என்றார். நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் அதே இடத்தில் எனக்கும் இறங்கியது. நீ எந்த இடத்தில் அழுதாய் என்று எனக்குத் தெரியாது. இதுவாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

நம் தாத்தா, ஐயா இருந்திருந்தால் இதற்கு ஒப்பமாட்டார். அவர் தமிழில்தான் பாட வேண்டும் என்கிற தமிழிசைக் கட்சி. கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலை செட்டியார் முன்னின்று, 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டி, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கிய கதையை நமக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! பாடுகிறவன் சொல்வது கேட்கிறவனுக்குப் புரிய வேண்டும், புரிந்தால்தான் உருக முடியும் என்பது அவர் பேச்சு. அது நியாயமான பேச்சு, நானும் அந்தப் பக்கம்தான். ஓதுவார் ஒரு பதிகத்தை நிறுத்திச் சொல்லும்போது வருகிற கண்ணீர் வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை. ஆனால் சொல் புரிந்து அழுவது ஒன்று, சொல்லே இல்லாமல் பிடிபடுவது இன்னொன்று. இரண்டாவதை ஐயாவிடம் வாதாட எனக்கு அப்போது தெரியவில்லை.

எனக்கு இப்போது தோன்றுவது இதுதான். பாட்டு சோகமாக இருப்பதால் நாம் அழுவதில்லை. நம்மை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது, அதனால் அழுகிறோம். ஒப்பாரியைப் பார், விளிக்காமல் ஒரு அடி நகராது. தாலாட்டும் அப்படித்தான். யார் அடித்து நீ அழுதாய், அத்தை பூச்செண்டால் அடித்தாளோ என்று உறவு முறை சொல்லியே பிள்ளையை வளைத்துக்கொள்ளும். நம் அப்பத்தா பாடிய தாலாட்டில் பாதி ரங்கூன்தான். ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போனால் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள். பிள்ளை பிறந்ததைக் கடிதத்தில் படித்துவிட்டு, அது நடக்கிற வயதில் வந்து முதல் முறையாகத் தூக்கியவர்கள் உண்டு. 1942-இல் பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து வந்தவர்கள் உண்டு, வராதவர்களும் உண்டு. கப்பல் கரை சேரும், கண்மணியே கண்ணுறங்கு என்று அப்பத்தா இழுக்கும்போது பிள்ளை தூங்கிவிடும். பாட்டு நிற்காது. அந்தப் பாட்டு யாருக்காக என்று சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை.

அழுது முடித்ததும் அன்று நன்றாகத் தூங்கிவிட்டேன் என்றும் சொன்னாய். அதையும் ஏதோ குற்றம் செய்த மாதிரிச் சொன்னாய். 2017-இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் இதையே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பாட்டுக் கேட்டு மயிர்க் கூச்செறிவது வேறு, கண்ணீர் வருவது வேறு. கண்ணீர் வருகிறபோது மூச்சு நிதானப்பட்டு உடம்பு அமைதியாகிறதாம். ஆத்தா இதைப் படித்திருந்தால், அழுத பிள்ளை தூங்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டுமா என்று கேட்டிருப்பாள்.

இந்தக் கடிதத்தோடு உன் போனுக்கு ஒரு ஒலிப்பதிவு அனுப்புகிறேன். மூன்று மாதமாக என்னிடம்தான் இருக்கிறது. கொடுக்கப் பயந்துகொண்டு வைத்திருந்தேன். போன வருஷம் நீ பாப்பாவோடு வந்திருந்தபோது, வீட்டின் இரண்டாங்கட்டு முற்றத்தில் தூளி கட்டி ஆத்தா அவளைத் தூங்கவைத்தாள் அல்லவா, அப்போது எடுத்தது. அப்பத்தாவின் அதே பாட்டு. ஆத்தாவுக்குப் பாதி அடி மறந்துபோய், மறந்த இடத்தில் எல்லாம் ஆராரோ போட்டு நிரப்புகிறாள்.

ரயிலில் கேட்காதே. வீட்டில், பாப்பா தூங்குகிற நேரத்தில் போடு. ஆரம்பத்தில் தூளிக் கயிறு உத்தரத்தில் உரசுகிற சத்தம் கேட்கும், யாரோ பாத்திரம் கழுவுவதும் கேட்கும். நடுவில் ஓரிடத்தில் பாட்டு சட்டென்று நின்றுவிடும், பதிவு கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதே. ஆத்தா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்கிறாள். நான் "ம்" என்கிறேன். அப்புறம் விட்ட இடத்திலிருந்து பாடுகிறாள்.

உன்
ஆச்சி