டைட்டன்ஸ் படத்தைப் போட்டுக்காட்டும் பயிற்றுநர்களுக்கு

நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் 'டீம் பில்டிங்' வகுப்பெடுக்கும் பயிற்றுநர்களுக்கு,

வணக்கம்.

'ரிமெம்பர் தி டைட்டன்ஸ்' உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது உங்கள் வகுப்பில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். கறுப்பு, வெள்ளைப் பையன்களைச் சேர்த்து 1971-ல் உருவான 'டைட்டன்ஸ்' என்ற பள்ளி அமெரிக்கக் கால்பந்து அணியின் உண்மைக் கதையை வைத்து 2000-ல் வந்த டிஸ்னி படம். அலுவலகம் மாறினாலும் வகுப்பெடுப்பவர் மாறினாலும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ப்ரொஜெக்டரில் வருவது அதே காட்சிதான். விடியாத நேரம். பனி மூட்டம். காட்டு வழியே ஓடிக் களைத்த பையன்கள் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க்கின் கல்லறைகளுக்கு நடுவே மூச்சு வாங்கி நிற்கிறார்கள். பயிற்சியாளர் பூனாக நடிக்கும் டென்சல் வாஷிங்டன் பேசுகிறார். அடியிலே மெல்ல இசை நுழைகிறது. பேச்சு முடிந்ததும் நீங்கள் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டு, "இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்கிறீர்கள்.

படத்தைக் காட்ட வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கும் பிடித்த படம்தான். அடுத்த முறை அந்தக் காட்சியை ஒலியில்லாமல் ஒரு தடவை ஓட்டுங்கள், கீழே எழுத்து மட்டும் வரட்டும். அப்புறம் ஒலியோடு ஓட்டுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

ஒலியில்லாமல் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, பயிற்சியாளர் பூன் அங்கே எவ்வளவு குறைவாகக் கேட்கிறார் என்பது. ஒருவரையொருவர் பிடிக்கிறதா இல்லையா என்பது எனக்குக் கவலையில்லை, மரியாதை கொடுத்தே தீர வேண்டும் என்கிறார். நேசம், சகோதரத்துவம் என்று எதையும் அவர் அவர்களிடம் கேட்கவில்லை. மரியாதை, அதுவும் கட்டளையாக. கறாரான பேச்சு, சொல்லப்போனால் நியாயமான பேச்சும்கூட. ஒலியைத் திறந்ததும் அதே சொற்கள் வேறாகக் கேட்கின்றன. அந்த மனிதர் கேட்காததையெல்லாம் இசை கேட்டு வாங்கிவிடுகிறது. கண் கலங்கி எழுந்திருக்கும் நமக்கு, அந்தப் பையன்கள் ஏற்கனவே ஒன்றாகிவிட்டது போலத் தோன்றுகிறது. கதைப்படி அவர்கள் அப்போதுதான் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவே தொடங்குகிறார்கள்.

(அந்தப் பேச்சில் வரும் ஐம்பதாயிரம் பேர் சாவுக் கணக்கையும் ஒருமுறை திருத்திச் சொல்லிவிடுங்கள். 1863 ஜூலையில் அங்கே நடந்த மூன்று நாள் சண்டையில் இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லோரையும் சேர்த்தால்தான் ஏறத்தாழ அவ்வளவு வரும்.)

இசையமைத்தவர் ட்ரெவர் ராபின். உங்கள் வகுப்பில் டென்சலின் பெயர் பல முறை வருகிறது, இவர் பெயர் வருவதே இல்லை. பாட்டு வேறு, பிஜிஎம் வேறு என்று பிரித்துக் கேட்கத் தெரிந்த ஊர் நம்முடையது. இளையராஜா படங்களோடு வளர்ந்தவர்களுக்கு ரீரெக்கார்டிங் என்ன செய்யும் என்று பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் ஆங்கிலப் படம் என்றால் அந்தக் காதைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

ராபின் 1954-ல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வெள்ளையர். அப்பா வயலின் கலைஞர். இளவயதில் ரேபிட் என்ற ராக் குழுவில் வாசித்து அங்கே பெரும் புகழ் பெற்றார். பிறகு நாட்டை விட்டு வெளியேறி, யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் சேர்ந்து, 1980-களில் உலகமே கேட்ட கிதார்க்காரரானார். நிறவெறி அரசின் காவலில் கறுப்பர் உரிமைப் போராளி ஸ்டீவ் பிக்கோ 1977-ல் இறந்ததும், அதை விடாமல் எழுதித் தடைக்கு ஆளாகி நாட்டை விட்டுத் தப்பிய பத்திரிகை ஆசிரியர் டொனால்ட் வுட்ஸ் இவருக்கு உறவினர். சட்டம் போட்டு நிறம் பிரித்த நாட்டில் வளர்ந்த ஒருவர், அமெரிக்காவின் நிறப் பிரிவினை பற்றிய டிஸ்னி படத்துக்கு இசை போட்டிருக்கிறார். டென்சலின் வாழ்க்கைக் கதையைச் சொல்ல ஒரு ஸ்லைடு வைத்திருக்கிறீர்கள், இவருக்கும் ஒன்று ஒதுக்கலாம்.

படத்தின் பாட்டுகளையும் ராபினின் இசையையும் தனித்தனியே கேட்டால் இன்னொன்று பிடிபடும். பாட்டுகள் பையன்களுடையவை. பயிற்சி முகாமில், மார்வின் கேயும் டாமி டெரலும் பாடிய ஒரு மோட்டவுன் பாட்டை (மோட்டவுன் என்பது கறுப்பர் இசைக்குப் பேர்போன இசைத்தட்டு நிறுவனம்) அவர்களே சேர்ந்து பாடிக் கூத்தடிக்கிறார்கள். லூயி என்ற பருமனான வெள்ளைப் பையன்தான் முதலில் கறுப்புப் பையன்களோடு போய் உட்காருகிறான். கூச்சமே இல்லாமல் பாடவும் செய்கிறான். அங்கே எந்த வயலினும் ஏறி வந்து நம்மைப் பிடித்து உலுக்குவதில்லை. கேலி, தாளம், தப்பான சுருதி, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், கல்லறைக் காட்சியைவிட நம்பும்படி இருப்பது இதுதான். கறுப்பர்களின் இசைக்குள் வெள்ளைப் பையன்கள் வந்து சேருகிறார்கள், மாறாக இல்லை. இதை ஒரு வகுப்பிலாவது யாராவது சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன்.

ராபினின் வாத்தியக் குழுவோ நமக்காக வாசிக்கிறது. மைதானத்தில், கல்லறையில், விபத்துக்குப் பிறகு, நாம் என்ன உணர வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. குறை சொல்லவில்லை, அதுதான் அதன் வேலை. ஆனால் அந்த வேலைக்காக வரலாறு எவ்வளவு வளைந்துகொடுத்தது என்று பாருங்கள்.

1971-ல் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியாவில் மூன்று உயர்நிலைப் பள்ளிகளின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை டி.சி. வில்லியம்ஸ் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று பள்ளியின் நல்ல ஆட்டக்காரர்களும் ஒரே அணிக்கு வந்தால் என்ன ஆகும்? 13 ஆட்டம், 13 வெற்றி. ரோனோக்கில் நடந்த மாநில இறுதி ஆட்டத்தில் ஆண்ட்ரூ லூயிஸ் பள்ளியை 27-0 என்று நசுக்கினார்கள். படத்தில் இறுதி ஆட்டம் வேறு அணியோடு, கடைசி நொடி வரை இழுபறியாகப் போய், ஒரே ஓட்டத்தில் முடிகிறது. 27-0 ஆட்டத்துக்கு எந்த இசையமைப்பாளரால் உச்சக்கட்டம் போட முடியும்? அணியின் வெள்ளை ஆட்டக்காரர் கெரி பெர்டியர் இடுப்புக்குக் கீழே செயலிழந்த கார் விபத்தும் அப்படித்தான். உண்மையில் அது ஆட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகு, டிசம்பரில் நடந்தது. படம் அதை இறுதி ஆட்டத்துக்கு முன்னால் நகர்த்திவிட்டது.

இதெல்லாம் சினிமாவில் சகஜம், போகட்டும். பெரிய வளைவு வேறு இடத்தில். படத்தைப் பார்த்தால் அந்த ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து படிப்பது 1971-ல்தான் தொடங்கியது போல இருக்கும். டி.சி. வில்லியம்ஸ் பள்ளி 1965-லேயே இரு நிறத்தவருக்கும் திறந்துவிட்டது. அதற்கு முன்பு, சேர்ந்து படிக்க வைப்பதைவிடப் பள்ளியையே மூடலாம் என்று வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளை இழுத்துப் பூட்டியது. கறுப்புப் பிள்ளைகள் பலருக்கு ஐந்து வருடம் பள்ளியே இல்லை. இன்னொன்றும் உண்டு. டைட்டன்ஸ் பையன்கள் எந்தப் பள்ளியின் பெயருக்காக ஆடினார்களோ, அந்த டி.சி. வில்லியம்ஸ் என்பவர் நிறம் பிரித்தே பாடம் நடக்க வேண்டும் என்று நின்ற கல்விக் கண்காணிப்பாளர். அந்தப் பெயர் 2021-ல்தான் அலெக்சாண்ட்ரியா சிட்டி ஹை ஸ்கூல் என்று மாறியது. படம் வந்து 21 வருடத்துக்குப் பிறகு. ஒரு சீசனில் தீர்ந்த கதை என்று நாம் கைதட்டியது, ஊருக்குள் ஐம்பது வருடம் பெயர்ப்பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ராபினின் இசையில் ஒரு மெட்டு பிறகு படத்தை விட்டே வெளியேறிவிட்டது. 2000-ல் வந்த இசைத்தட்டு பெரும்பாலும் பழைய பாட்டுகளின் தொகுப்பு. கடைசியில் மட்டும் 'டைட்டன்ஸ் ஸ்பிரிட்' என்று ராபினின் ஏழு நிமிட வாத்திய இசை. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி ஒலிம்பிக் ஒளிபரப்பை முடிக்கும்போது பல முறை அதைப் போட்டது. 2008 நவம்பர் 4 அன்று சிகாகோவின் கிரான்ட் பூங்காவில் ஒபாமா வெற்றி உரையை முடித்ததும் ஒலித்ததும் அதுதான். அன்றிரவு அதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் நிறப் பிரச்சினை முடிந்தது என்று நம்பியிருப்பார்கள்! இசையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அது முடிவுக்காக எழுதப்பட்ட இசை. எந்தக் கதையின் மேல் வைத்தாலும் அந்தக் கதை முடிந்துவிட்டது போலவே கேட்கும்.

இப்போது உங்கள் வகுப்புக்கு வருகிறேன். கல்லறைக் காட்சியோடு படத்தை நிறுத்தாதீர்கள். முகாமிலிருந்து ஊர் திரும்பியபின் வருவதைக் காட்டுங்கள். கறுப்பு ஆட்டக்காரன் ஜூலியஸ் கை நீட்டுகிறான், கெரியின் காதலி எம்மா கை கொடுக்க மறுக்கிறாள். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த வெள்ளைப் பையன் கறுப்பு நண்பர்களை உணவகத்துக்கு அழைத்துப் போகிறான், கடைக்காரன் அவர்களை உட்கார விடுவதில்லை. நண்பர்களுக்கு அவன் மேல்தான் கோபம், இப்படி நடக்கும் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். டீம் பில்டிங்குக்கு இதைவிட நல்ல பாடம் எது? நல்ல எண்ணம் உள்ளவன் அறியாமையால் நண்பனை அவமானத்துக்குள் கூட்டிக்கொண்டு போவது நம் அலுவலகங்களில் தினமும் நடப்பதுதான்.

விளக்கைப் போட்டு நீங்கள் கேட்கும் கேள்வியையும் மாற்றுங்கள். வர்ஜீனியாக் கறுப்பருக்காக ஏசி அறையில் கண் கலங்குவது சுலபம். செலவில்லாத கண்ணீர். "உன் சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?" என்று புதிதாகச் சேர்ந்தவரிடம் சிரித்துக்கொண்டே கேட்கிறோமே, அதைப் பற்றி உங்கள் வகுப்பில் இதுவரை ஒரு வார்த்தை வந்ததில்லை. மதியம் எந்த மேசையில் யார் யாரோடு டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள் என்பதும் வந்ததில்லை. வந்தால் சங்கடமாகிவிடும் என்று ஹெச்.ஆர். கவலைப்படுவது புரிகிறது. அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான் அமெரிக்கப் படம் வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

நேரம் போதாது என்பீர்கள். ஒலியில்லாமல் ஒரு தடவை, ஒலியோடு ஒரு தடவை, உணவகக் காட்சி ஒன்று, எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம் பிடிக்கும். பலூன் உடைக்கும் விளையாட்டை விட்டுவிட்டால் அந்த நேரம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்பில் கடைசி வரிசைக்காரன்