'மே நொட்' என்றால் 'கூடாது' மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் 31 வருடங்கள் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். போன மாதம் பழைய மாணவி ஒருத்தி தொழிற்பயிற்சி விண்ணப்பப் படிவம் ஒன்றோடு வீட்டுக்கு வந்தாள். மழையில் பாதை சரிந்து தபால் பிந்தியதால், படிவம் கைக்குக் கிடைத்தபோதே முடிவுத் திகதி போய் இரண்டு நாளாகிவிட்டது. அடியில் ஆங்கிலத்தில் மட்டும் ஒரு வரி: 'லேட் அப்ளிகேஷன்ஸ் மே நொட் பீ கன்சிடர்ட்.' பிந்தியதை எடுக்கவே மாட்டார்கள் என்று நினைத்து, அதை அலுமாரியில் வைத்துவிட்டாள். தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் பிள்ளை அதே கிழமை பிந்தித்தான் அனுப்பினாள், இடம் கிடைத்துவிட்டது.

அவளைப் பிழை சொல்ல முடியாது. அந்த வரிக்கு இரண்டு பொருள் உண்டு: 'பரிசீலிக்கப்படக் கூடாது' என்பது ஒன்று, 'பரிசீலிக்கப்படாமல் போகலாம்' என்பது மற்றது. தமிழில் இரண்டும் வேறு வேறாகவே வரும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'மே நொட்'. நடுவில் 'நெசஸரிலி' (கட்டாயமாக) என்று ஒரு சொல் போட்டு, 'மே நொட் நெசஸரிலி பீ கன்சிடர்ட்' என்று எழுதியிருந்தால், எடுத்தாலும் எடுப்பார்கள் என்று அவளுக்கு விளங்கியிருக்கும்.

நானே 'மே நொட் என்றால் கூடாது' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள்தான். 'கேன், மே, மஸ்ட்' ஒரு பாடம், செயப்பாட்டு வினை இன்னொரு பாடம், வினையடை எங்கோ ஒரு மூலையில். ஆனால் அறிவித்தல்களில் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. 'கொழுந்து எப்போதும் கவனமாக நிறுக்கப்பட வேண்டும்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'த லீஃப் மஸ்ட் ஒல்வேய்ஸ் பீ கெயார்ஃபுலி வேய்ட்.' நம் வாக்கியத்தில் 'வேண்டும்' கடைசியில் வருகிறது. அங்கே 'மஸ்ட்' வினைக்கு முன்னால் வந்துவிடுகிறது. நாம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற 'எப்போதும்', 'கவனமாக' இரண்டும் அங்கே பிரிந்துவிடுகின்றன: ஒன்று 'மஸ்ட்'டுக்குப் பின்னால், மற்றது நிறுக்கும் வினையை ஒட்டி. இந்த வரிசையைச் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளைகளிடம் சொற்களை மட்டும் பாடமாக்கச் சொன்னால் எப்படி விளங்கும்?

1987இல் வந்த 13ஆம் திருத்தம் இலங்கை அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் சேர்த்த வரியைப் பாருங்கள்: 'தமிழ் ஷெல் ஒல்சோ பீ அன் ஒஃபிஷல் லாங்வேஜ்.' 'ஷெல்'லுக்கும் 'பீ'க்கும் நடுவில் 'ஒல்சோ'. தமிழில் 'தமிழும் ஓர் அரசகரும மொழியாக இருக்கும்' என்னும்போது, 'தமிழும்' என்பதில் உள்ள 'உம்' அந்த வேலையைச் செய்துவிடும். இப்படி ஒரு வரி சட்டத்தில் இருக்கும்போது, நமது பிள்ளைகள் நிரப்பும் படிவத்தில் முக்கியமான வரி ஏன் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது?

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டத்து ஆபீஸ், டிஸ்பென்சரி, பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் அறிவித்தல்களை வகுப்புக்குக் கொண்டுபோய் வாசிக்க வையுங்கள். படிவம் தயாரிக்கிறவர்கள் அந்த வரியைத் தமிழிலும் போடட்டும். பிள்ளைகளே, 'மே நொட்' என்று கண்டால் படிவத்தை அலுமாரியில் வைக்காதீர்கள். அனுப்பிவிட்டு, போன் எடுத்துக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
நோர்வூட்.