படிக்க ஒப்பந்தம் போட்டாச்சு, எழுதுறவங்களுக்கு எப்போ?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழ்ல 'ஒரே நாடு ஒரே சந்தா' பத்தி, அதாவது ஆராய்ச்சி ஜர்னல்களுக்கு மத்திய அரசே மொத்தமா சந்தா கட்டி அரசுக் கல்வி நிறுவனங்கள்ல இருக்குறவங்கள படிக்க வைக்குற திட்டம் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்து 2025 ஜனவரில ஆரம்பிச்ச திட்டம், மூணு வருஷத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகம், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல்னு எல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா மொத்தமும் படிக்கிறவங்க பக்கம்தான் இருந்துச்சு, ஆராய்ச்சி பண்ணி கட்டுரை எழுதுறவங்க அத வெளியிடப் போற இடத்துல என்ன பாடு படுறாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. நான் ஒரு அரசுக் கல்லூரில லைப்ரரியன். ஸ்காலருங்க அக்செப்டன்ஸ் மெயில கைல வச்சுக்கிட்டு நேரா எங்கிட்டதான் வர்றாங்க, அதனால இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

வெளில இருக்குறவங்களுக்கு இது தெரியாது. ஓப்பன் ஆக்சஸ்ல ஒரு கட்டுரை வந்தா உலகத்துல யாரு வேணா காசு கட்டாம படிக்கலாம், ரொம்ப நல்ல விஷயம், ஆனா அந்தச் செலவ ஏபிசி (ஆர்ட்டிகிள் பிராசஸிங் சார்ஜ்)ன்னு பேரு வச்சு எழுதுனவங்ககிட்டயே பல ஜர்னல்கள் வாங்குறாங்க. 3,000 டாலர்ங்கிறது சர்வசாதாரணம், நம்ம காசுக்கு ரெண்டரை லட்சம், ஜேஆர்எஃப்ங்கிற ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப் வாங்குற பிள்ளைக்கு மாசம் 37,000ன்னா ஏழு மாச ஃபெலோஷிப் அப்படியே போயிடும். நேச்சர் ஜர்னல்ல 2021ல ஓப்பன் ஆக்சஸ் வசதிய கொண்டுவந்தப்போ வச்ச கட்டணம் 9,500 யூரோ, எட்டு லட்சத்துக்கு மேல.

சமீபத்துல எங்க பயோகெமிஸ்ட்ரி பொண்ணு ஒண்ணுக்கு ஒரு நல்ல ஜர்னல்ல பேப்பர் அக்செப்ட் ஆச்சு, சந்தோஷமா என் சிஸ்டம் முன்னாடியே உக்காந்து பதிப்பகத்தோட சைட்ட திறந்துச்சு. ஓப்பன் ஆக்சஸா இல்ல சந்தா முறையான்னு கேட்டுச்சு. அடுத்த பக்கத்துல உங்க நிறுவனம் எதுன்னு ஒரு நீள லிஸ்ட். வெளியிடுற செலவுக்கு பதிப்பகத்தோட ஒப்பந்தம் இருக்குற பல்கலைக்கழகத்த செலக்ட் பண்ணா கட்டணம் இருக்குற இடத்துல ஜீரோ வரும், அப்ரூவல் நேரா அந்தப் பல்கலைக்கழக லைப்ரரிக்கு போயிடும், எழுதுனவங்க கைய விட்டு ஒரு பைசா போகாது. எங்க கல்லூரி பேரும் லிஸ்ட்ல இருந்துச்சு, ஆனா ஒப்பந்தம் கிடையாதுங்கிறதால முழுத் தொகையும் அப்படியே நின்னுச்சு. பொண்ணு கொஞ்ச நேரம் பாத்துட்டு சந்தா முறைய அழுத்திடுச்சு. அதுக்கு காசு கேக்க மாட்டாங்க, ஆனா மூணு வருஷ உழைப்பு சந்தா கட்டுறவங்களுக்கு மட்டும் தெரியுற மாதிரி பூட்டு போட்டு கெடக்கும்.

மத்த ஊர்ல இத எப்படி சரி பண்ணாங்கன்னு பாருங்க. ஜெர்மனில பல்கலைக்கழகங்க, ஆராய்ச்சி நிறுவனங்க எல்லாம் சேந்து டீல்னு ஒரு கூட்டமைப்பா உக்காந்து பேசி பெரிய பதிப்பகங்களான வைலியோட 2019லயும் ஸ்பிரிங்கர் நேச்சரோட 2020லயும் ஒப்பந்தம் போட்டாங்க, படிக்கிறதுக்கும் வெளியிடுறதுக்கும் சேத்தே ஒரே கணக்கு. எல்சேவியர்ங்கிற பதிப்பகம் மட்டும் மடங்கல, பல நிறுவனங்க சந்தாவ நிறுத்திட்டு வருஷக்கணக்கா தாக்குப்பிடிச்சாங்க, 2023ல அவங்களும் வழிக்கு வந்தாங்க. கலிபோர்னியா பல்கலைக்கழகமும் 2019ல எல்சேவியர விட்டு வெளில வந்து ரெண்டு வருஷம் பொறுத்து 2021 மார்ச்சுலதான் கையெழுத்து போட்டுச்சு. அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு விஷயம், ஒவ்வொரு கட்டுரைக்கும் மொத 1,000 டாலர லைப்ரரி கட்டும், மிச்சத்த புராஜெக்ட்ல பணம் இருக்குற புரொஃபசர் கட்டணும், பணம் இல்லன்னா மிச்சத்தையும் லைப்ரரியே கட்டிடும். கையில கிராண்ட் இல்லாத ஒரு ஸ்காலர மனசுல வச்சு பேசுனவங்களாலதான் இப்படி ஒரு வரிய எழுத முடியும்.

இன்னொரு வழியும் இருக்கு, அது நம்ம ஊருக்கே நேரா பலன் குடுக்குது. ஸ்கோப் த்ரீன்னு ஒரு திட்டம், ஜெனீவா பக்கம் இருக்குற செர்ன் இயற்பியல் ஆய்வகம் நடத்துறது, 2014ல ஆரம்பிச்சாங்க, பல நாட்டு லைப்ரரிங்க சந்தாவுக்கு கட்டுற பணத்த ஒண்ணா போட்டு துகள் இயற்பியல் ஜர்னல்களுக்கு குடுத்துடுறாங்க, எழுதுறவங்க எந்த நாடா இருந்தாலும் கட்டணம் கிடையாது. தரமணி கணித அறிவியல் நிறுவனத்துல இருந்து ஒருத்தர் அதுல சேந்த ஜேஹெச்இபி (ஜர்னல் ஆஃப் ஹை எனர்ஜி பிசிக்ஸ்) ஜர்னல்ல கட்டுரை போட்டா ஒரு ரூபா கூட கட்ட வேண்டாம். அதே ஊர்ல உயிரியல் படிக்கிற பிள்ளைக்கு இது இல்ல, இது எனக்கு நியாயமாவே படல.

ஏழை நாடுகளுக்கு இந்தக் கட்டணத்துல தள்ளுபடி இருக்கேன்னு சிலர் கேக்குறாங்க. நெறைய பதிப்பகங்களோட விதில நாட்டோட மொத்த ஜிடிபி பெருசா இருந்தா அந்தத் தள்ளுபடி கிடைக்காது, அதனால இந்தியா லிஸ்ட்லயே வராது. ஜிடிபி பெருசா இருந்தா ஸ்காலர் கைல காசு இருக்குமா சார்?

நம்ம 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துல எழுதுறவங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு சொல்ல மாட்டேன், தேர்ந்தெடுத்த நல்ல ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்கள்ல வெளியிட வருஷத்துக்கு 150 கோடி வரைக்கும் உதவின்னு அரசு சொல்லியிருக்கு. கணக்கு போட்டு பாத்தா ஒரு கட்டுரைக்கு ரெண்டரை லட்சம்னா 6,000 கட்டுரைக்குத்தான் வரும், இந்தியாவுல இருந்து வருஷத்துக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல கட்டுரை வருது. தனியார் காலேஜ் மொதல் கட்டத்துல சேரவே இல்ல, தமிழ்நாட்டுல பிஎச்டி பண்றவங்க எத்தன பேரு அங்க இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இதுல மனசு நொந்துபோற விஷயம் ஒண்ணு சொல்றேன். ஜெர்மனி, கலிபோர்னியா மாதிரி போடுற ஒப்பந்தங்க பெரும்பாலும் கரெஸ்பாண்டிங் ஆதர், அதாவது கட்டுரைக்கு பொறுப்பேத்து பதில் சொல்றவரு, எந்த நிறுவனம்னுதான் பாக்கும். அதனால வெளிநாட்டு லேபோட சேந்து எழுதுறப்போ, அவங்க பல்கலைக்கழகத்துல ஒப்பந்தம் இருக்கு காசு மிச்சமாகும்னு கரெஸ்பாண்டிங் ஆதர் இடத்த அவங்களுக்கே விட்டுக்குடுக்குறாங்க. சாம்பிள் எடுத்தது இங்க, ராத்திரி லேப்ல கெடந்தது இங்க, ஆனா சந்தேகம் கேட்டு உலகத்துல இருந்து வர்ற மெயில் எல்லாம் அங்க போகுது. காசுக்காக ஒரு ஆராய்ச்சியாளர் தன்னோட இடத்தையே விட்டுக்குடுக்குறத நாம சும்மா பாத்துக்கிட்டு இருக்கலாமா?

படிக்கிறதுக்கும் வெளியிடுறதுக்கும் சேத்து போடுற இந்த மாதிரி ஒப்பந்தம் பெரிய பதிப்பகங்களத்தான் இன்னும் பெருசாக்குதுன்னு ஒரு விமர்சனம் இருக்கு, அதுல உண்மையும் இருக்கு, ஐரோப்பால கட்டுரைங்க எல்லாருக்கும் திறந்திருக்கணும்னு பிளான் எஸ்ங்கிற திட்டத்த நடத்துற, ஆராய்ச்சிக்கு நிதி குடுக்குற அமைப்புகளே இதுக்கு குடுத்த ஆதரவ 2024ஓட முடிச்சுக்கிட்டாங்க. கரண்ட் சயின்ஸ் மாதிரி எழுதுறவங்ககிட்டயும் படிக்கிறவங்ககிட்டயும் காசு வாங்காத ஜர்னல்கள வளக்கணும்னுதான் நானும் சொல்வேன். ஆனா அது வளர்ற வரைக்கும் இப்ப எழுதிக்கிட்டு இருக்குற பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க?

நம்ம 'ஒரே நாடு ஒரே சந்தா' ஒப்பந்தம் 2027ஓட முடியுது. அடுத்த பேச்சுக்கு பதிப்பகங்க வரும்போது வெளியிடுற செலவையும் அதே தொகைக்குள்ள சேக்கச் சொல்லி கேக்கணும், மாநில உயர்கல்வித் துறையும் பல்கலைக்கழகங்களும் இப்பவே எழுதி குடுக்கணும். உங்க பத்திரிகை இத ஒரு தடவ விரிவா எழுதுனா எங்கள மாதிரி லைப்ரரியன்கள் சொல்றதுக்கும் ஒரு பலம் வரும்.

இப்படிக்கு,
அரசுக் கல்லூரி நூலகர் ஒருவர்
திருநெல்வேலி மாவட்டம்